வாசகர் கேள்விகள்: சீனத்துத் தெருவும் சிவப்புக் கைப்பட்டையும்

பெய்ஜிங் வாழ்க்கையைப் பற்றி நான் எழுதிய தொடர் முடிந்த பிறகும் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. சாப்பாடு, பள்ளிக்கூடம், பெருஞ்சுவர் பற்றிக் கேட்டவர்களுக்குத் தனியே பதில் எழுதிவிட்டேன். மீதிக் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

சிவப்புக் கைப்பட்டை கட்டிய ஓர் அம்மாளை இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். யார் அவர்? உண்மையிலேயே உங்களை வேவு பார்த்தாரா?
(மயிலாப்பூர் வாசகி)

நாங்கள் குடியிருந்தது பெய்ஜிங்கின் சாவ்யாங் மாவட்டத்தில், லிஃப்ட் இல்லாத ஆறு மாடிப் பழைய கட்டடம். என் கணவருக்கு அங்கே வேலை. நான் ஒரு மொழிப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். சீன நகரங்களில் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதிக்கும் ஒரு குடியிருப்போர் குழு உண்டு. சட்டப்படி அது மக்களே தேர்ந்தெடுக்கும் தன்னாட்சி அமைப்பு. 1989-ல் அதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். நடைமுறையில் அரசாங்கத்தின் கடைசிப் படிக்கட்டு அது. மேலே இருக்கும் தெரு அலுவலகம் சொல்வதைக் கீழே செய்து முடிப்பதுதான் அதன் வேலை.

எங்கள் குழுவின் ஆயி (பெரிய பெண்களை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) அறுபதைத் தாண்டியவர், பஞ்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். காலையில் கேட் ஓரமாக மடக்கு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் சிவப்புத் துணிப்பட்டை, அதில் மஞ்சள் எழுத்து. பக்கத்தில் மூடி போட்ட கண்ணாடிக் குடுவை, உள்ளே தேயிலை மிதக்கும் வெந்நீர். சூரியகாந்தி விதையை முன்பல்லால் உடைத்துத் தோலைப் பிளாஸ்டிக் பையில் போட்டபடி, போகிறவர் வருகிறவர் அத்தனை பேரையும் பார்ப்பார். நாங்கள் குடிபோன சில நாட்களில் நோட்டுப் புத்தகத்தோடு மேலே ஏறி வந்தார். வீட்டில் யார் யார், பாஸ்போர்ட் எண் என்ன, போன் நம்பர், வீட்டுக்காரர் யார், வாடகை எவ்வளவு, எங்கே வேலை, என்ன சம்பளம்? எல்லாம் எழுதிக்கொண்டார். அப்புறம், ஒரு பிள்ளைதானா, இந்தியாவில்தான் தடையே இல்லையே, ஏன் இன்னொன்று பெற்றுக்கொள்ளவில்லை என்றார். சம்பளக் கேள்வியும் பிள்ளைக் கேள்வியும் ஒரே குரலில், ஒரே சிரிப்போடு வந்தன. எது அலுவலகத்துக்கு, எது அவருக்கு என்று என்னால் கடைசிவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பெய்ஜிங்கில் நவம்பர் 15 அன்று நகரம் முழுவதும் வீடுகளுக்கு வெந்நீர்க் குழாய் திறந்துவிடுவார்கள். அன்றைக்கு வந்து எங்கள் வீட்டுக் குழாய்களைத் தொட்டுப் பார்த்து, ஓர் அறை சூடேறவில்லை என்று அவரே ஆள் அனுப்பினார். டிசம்பரில் குளிர்கால உச்ச நாளன்று ஜியாவ்ஸ செய்து கொண்டுவந்தார். நம் பூரணக் கொழுக்கட்டையை உப்பாகச் செய்தது போல இருக்கும். வடசீனத்தில் அதற்குள் பன்றி இறைச்சிதான் வழக்கம். எங்களுக்கு முட்டையும் பூண்டுத்தழையும் வைத்திருந்தார். நாங்கள் பன்றி சாப்பிடுவதில்லை என்று யார் சொன்னது என்று கேட்டேன். "உங்கள் குப்பைப் பையில் எலும்பே இருப்பதில்லையே" என்றார்.

அந்தத் தட்டை வாங்கிக்கொண்டு நின்றபோது வந்த உணர்ச்சியை இன்றும் என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. அவ்வளவு அக்கறை. அவ்வளவு கவனம். இரண்டும் ஒரே கண்ணிலிருந்து வந்தவை.

என் மைத்துனர் ஊரிலிருந்து வந்து தங்கிய மறுநாள் காலையிலும் அவர் வாசலில் நின்றார். "வந்தவரைக் காவல் நிலையத்தில் பதிந்தாயிற்றா?" வெளிநாட்டவர் ஹோட்டலில் தங்காமல் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். அவர் மறந்துவிடாமல் நினைவூட்டினார் என்றும் சொல்லலாம், சரிபார்த்தார் என்றும் சொல்லலாம்.

2016 ஏப்ரலில் பெய்ஜிங்கின் பழைய சந்துகளில், அறிவிப்புப் பலகைகளில் ஒரு படக்கதை ஒட்டினார்கள். டேவிட் என்ற வெளிநாட்டுக்காரன் ஒரு சீன அரசு ஊழியப் பெண்ணுக்குப் பூக்கொத்தும் விருந்தும் கொடுத்து மயக்கி, அலுவலக ஆவணங்களை வாங்கிக்கொள்கிறான். கடைசிக் கட்டத்தில் அவள் கையில் விலங்கோடு அழுகிறாள். தேசியப் பாதுகாப்புக் கல்வி நாளுக்காக வந்த சுவரொட்டி அது. அடுத்த ஆண்டு, உளவாளியைக் காட்டிக்கொடுத்தால் 10,000 முதல் 5 லட்சம் யுவான்வரை வெகுமதி என்று பெய்ஜிங் நகர நிர்வாகம் அறிவித்தது. எங்கள் ஆயி என்னிடம் பழையபடிதான் பேசினார். ஆனால் சந்துகளில் நான் அந்தச் சுவரொட்டியை நின்று படித்தபோது திரும்பிய பார்வைகள் பழையபடி இல்லை.

சாவ்யாங் மக்கள் உலகப் புகழ்பெற்ற உளவாளிகள் என்கிறார்களே?
(கோவில்பட்டி வாசகர்)

பெய்ஜிங் போலீஸ் 2013, 2014 வாக்கில் நடிகர்களையும் பாடகர்களையும் போதைப்பொருள் வழக்கில் பிடிக்கும்போதெல்லாம் "சாவ்யாங் மக்கள் தந்த தகவலின் பேரில்" என்று அறிக்கையில் எழுதிவந்தார்கள். உடனே இணையத்தில் இளைஞர்கள், சிஐஏ, கேஜிபி, மொசாட், எம்ஐ6 ஆகியவற்றுக்கு அடுத்து உலகின் ஐந்தாவது உளவு அமைப்பு இது என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஆயி மாதிரியான ஓய்வு பெற்றவர்களும் கடைக்காரர்களும் பார்க்கிங் காவலர்களும்தான். சீனாவில் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் 50 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுவார்கள். அலுவலகப் பெண்களுக்கு 55, ஆண்களுக்கு 60. 2025-லிருந்துதான் இந்த வயதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துகிறார்கள். ஐம்பது வயதில், நல்ல ஆரோக்கியத்தோடு, பிள்ளையும் வேறு ஊரில் இருந்தால் நாள் முழுக்க என்ன செய்வது? கைப்பட்டை அவர்களுக்கு ஒரு வேலை, ஒரு மரியாதை. மார்ச்சில் தேசிய மக்கள் பேரவை கூடும் நாட்களில் பஸ் நிறுத்தம், மேம்பாலப் படி, சந்து முனை என்று எங்கு பார்த்தாலும் சிவப்புப் பட்டைதான்.

நம் ஊர்த் திண்ணையிலும் இதே கதைதானே? யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று தெருவுக்கே தெரியும். இதில் என்ன பெரிய வித்தியாசம்?
(மன்னார்குடி வாசகர்)

நானும் தஞ்சாவூர் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவள். திண்ணை எனக்குத் தெரியும்.

திண்ணைப் பேச்சு இரண்டு பக்கமும் ஓடும். என் கதை உங்களுக்குத் தெரியும் என்றால் உங்கள் கதை எனக்கும் தெரியும். அதனால் இரண்டு பேரும் ஓர் அளவோடு இருப்போம். எங்கள் ஆயி விஷயத்திலும் அந்த அளவுக்குச் சமம்தான். அவருடைய மகன் ஷென்ஜென்னில் இருப்பதும், பேரனைக் கண்ணில் காட்டாததும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் நோட்டு எங்கே போகிறது, அதை யார் படிக்கிறார், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. திண்ணைப் பேச்சால் பெண்கள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை; அதுவும் கொடுமைதான். ஆனாலும் அந்தத் தெருவை விட்டுப் போனால் அந்தப் பேச்சும் பின்னால் நின்றுவிடும். கோப்பு அப்படி நிற்காது, கூடவே வரும்.

இதெல்லாம் கம்யூனிஸ்டுகள் கொண்டுவந்த வழக்கமா?
(ஈரோடு வாசகர்)

இல்லை, மிகப் பழையது. கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங், குடும்பங்களை ஐந்து ஐந்தாகவும் பத்துப் பத்தாகவும் கட்டி, ஒருவர் குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு என்று வைத்தார். சோங் அரச வம்ச ஆட்சியில் அமைச்சர் வாங் ஆன்ஷி 1070-ல், வீடுகளைக் குழுக்களாகக் கட்டி ஒருவரையொருவர் கவனிக்க வைக்கும் 'பாவ்ஜியா' முறையைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த அரசுகளும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தின. 1930-களில், கம்யூனிஸ்டுகளுக்கு முன் ஆண்ட கோமின்டாங் அரசும் அதையே செய்தது.

1949 அக்டோபரில் ஹாங்சோ நகரத்தின் ஒரு தெருவில் முதல் குடியிருப்போர் குழு அமைந்தது. பழைய பாவ்ஜியாவை ஒழித்துவிட்டோம் என்று சொல்லித்தான் அதை ஆரம்பித்தார்கள். 1954-ல் விதிகள் வந்தன. 1958-ல், யார் எந்த ஊர்க்காரர் என்று பதிந்து ஊர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் குடும்பப் பதிவு முறை வந்தது. இவற்றோடு வேலை செய்யும் இடமும் சேர்ந்துகொண்டது: வீடு, ரேஷன், மருத்துவம் எல்லாம் அங்கிருந்துதான். கல்யாணம் பதிவு செய்யவே அலுவலகத்திலிருந்து கடிதம் வாங்கிப் போக வேண்டும். 2003 அக்டோபரில்தான் அது தேவையில்லை என்று ஆனது. ஒரு பிள்ளைக் கொள்கைக் காலத்தில் சில ஆலைகளில் பெண்களின் மாதவிலக்குத் தேதியைக் கூட எழுதி வைத்தார்கள். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியை தன் தாயார் அந்தக் கணக்கில் கையெழுத்துப் போட்டதைச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. தன் தாயாருக்கு அதில் இருந்த அவமானம் தனக்கும் இருப்பதாகச் சொன்னார்.

இப்போது இருப்பது கட்ட முறை. 2004-ல் பெய்ஜிங்கின் டோங்செங் மாவட்டத்தில் நிலத்தை நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆள் பொறுப்பு என்று தொடங்கினார்கள். முதலில் உடைந்த சாக்கடை மூடி, எரியாத தெருவிளக்கு பார்க்கத்தான். பிறகு அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மனிதர்களும் கணக்கில் வந்தார்கள். 2005-லிருந்து நகரங்களில் 'வான் வலை' என்ற கேமரா திட்டம். 2015 வாக்கில் கிராமங்களுக்கு 'பனி போல் துலங்கும் கண்கள்' என்ற திட்டம். மக்களின் கண்கள் பனி போலத் துலங்குபவை என்ற பழைய கோஷத்திலிருந்து வந்த பெயர். ஷான்டோங் மாகாணத்தில் சில கிராமங்களில் தெருக் கேமராவின் காட்சியை வீட்டு டிவியிலேயே பார்க்க வசதி செய்துகொடுத்தார்கள். ஆக, முக்காலியில் உட்கார்ந்த ஆயியைக் கேமரா வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை, இரண்டும் சேர்ந்துகொண்டன.

கழிவறையில் காகிதம் வாங்க முகத்தைக் காட்ட வேண்டுமாமே?
(சிவகாசி வாசகி)

பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயிலில் 2017-ல் வைத்தார்கள். முகத்தைக் காட்டினால் 60 செ.மீ. காகிதம் வரும். அதே முகத்துக்கு மறுபடி வேண்டுமானால் 9 நிமிடம் காத்திருக்க வேண்டும். வயதானவர்கள் கட்டுக்கட்டாக எடுத்துப் போனதால் வந்த ஏற்பாடு. எல்லா இடத்திலும் இல்லை.

சீனர்களுக்கு அந்தரங்கம் என்ற எண்ணமே கிடையாது, அதனால் கேமராவை அவர்கள் பொருட்படுத்துவதில்லை என்று அங்கே வியாபாரம் செய்யும் என் உறவினர் சொல்கிறார். சரிதானா?
(திருப்பூர் வாசகர்)

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை பக்கம் கேட்டு வாங்கினேன். உங்கள் உறவினர் மட்டும் இல்லை, பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். தவறு.

ஷாங்காயின் மக்கள் பூங்காவில் சனி, ஞாயிறுகளில் கல்யாணச் சந்தை கூடும். பெற்றோர் தரையில் குடையை விரித்து வைத்து, அதில் பிள்ளையின் விவரத்தை எழுதி ஒட்டியிருப்பார்கள். பிறந்த ஆண்டு, உயரம், படிப்பு, மாதச் சம்பளம், சொந்த வீடு உண்டா, கடன் பாக்கி உண்டா, ஷாங்காய் குடும்பப் பதிவா வெளியூரா? இத்தனையும் வழியில் போகிற எல்லோரும் படிக்கலாம். நான் ஓர் அம்மாளிடம் நெடுநேரம் பேசினேன். மகனின் சம்பளம், பழைய காதல் முறிந்த கதை வரை சொன்னார். கிளம்பும்போது படம் எடுக்கலாமா என்று கேட்டேன். சட்டென்று குடையை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம். நான் இங்கே வருவது அவனுக்குத் தெரியாது."

கோடு எல்லோருக்கும் உண்டு. அது நமக்குத் தெரிந்த இடத்தில் இல்லை என்பதால் கோடே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெய்ஜிங் சந்துகளில் பொதுக் கழிவறைகளில் தடுப்பு இல்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவர்கள், சம்பளத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்பவர்கள், வீட்டுச் சண்டையை வாசலுக்கு வெளியே வரவிடமாட்டார்கள். மனத்தில் இருக்கும் அரசியலை உடன்பிறந்தவரிடம் கூடச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், கேமராவைப் பொருட்படுத்துவதில்லை என்பது. 2018 மார்ச்சில் இணையத் தேடல் நிறுவனமான பைடுவின் தலைவர் ராபின் லீ ஒரு மாநாட்டில், சீனர்கள் வசதிக்காகத் தனியுரிமையை விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் என்கிற மாதிரி பேசினார். இணையமே பொங்கி எழுந்தது. எங்களை யார் கேட்டார்கள் என்பதுதான் ஆயிரக்கணக்கான பேரின் பதில். அதே ஆண்டுத் தொடக்கத்தில் பணம் செலுத்தும் செயலியான அலிபே தன் ஆண்டுக் கணக்குப் பக்கத்தில், தகவல் பகிர்வுக்குச் சம்மதம் என்ற கட்டத்தில் தானாகவே டிக் போட்டு வைத்திருந்தது வெளியே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

2019-ல் ஹாங்சோ நகரத்துச் சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் அங்குள்ள சஃபாரி பூங்காவின் மீது வழக்குப் போட்டார். கைரேகை வைத்து ஆண்டுச் சீட்டு வாங்கியிருந்தவரிடம், இனிமேல் முகத்தைப் பதிந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுத்தார். 2020 நவம்பரில் நீதிமன்றம் அவருக்கு 1,038 யுவான் இழப்பீடு கொடுக்கவும் அவருடைய முகப் பதிவை அழிக்கவும் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அந்தத் தீர்ப்பை என் மாணவர்கள் வகுப்பில் எவ்வளவு ஆர்வமாகப் பேசினார்கள் என்று நான் நேரில் பார்த்தேன். சிங்ஹுவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் லாவ் டோங்யான், தன் குடியிருப்பு வாசலில் முகக் கருவி வைப்பதை எதிர்த்து எழுத்திலேயே கேட்டார். அதை மட்டுமே வழியாக வைக்கும் திட்டம் நின்றது. 2021 ஆகஸ்ட் முதல், முகத்தைக் காட்டினால்தான் வீட்டுக்குள் விடுவோம் என்று குடியிருப்பு நிர்வாகங்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச மக்கள் நீதிமன்றமே சொல்லிவிட்டது.

2020 ஜனவரியில் நடந்த இன்னொன்று: அன்ஹுய் மாகாணத்தின் சுசோ நகர நிர்வாகம், இரவு உடையோடு தெருவில் நடந்த ஏழு பேரின் கேமராப் படத்தைப் பெயர் விவரங்களோடு இணையத்தில் போட்டு, அநாகரிகம் என்று எழுதியது. மக்கள் விட்டுவிடவில்லை. இரவு உடையில் என்ன அநாகரிகம், எங்கள் படத்தைப் போட நீ யார் என்று கேட்டார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது.

2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சிவில் சட்டத் தொகுப்பில் தனியுரிமைக்குத் தனிப் பகுதி உண்டு. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கடைக்காரரையும் செயலி நிறுவனத்தையும் எதிர்த்து இவற்றைக் காட்டலாம். காட்டுகிறார்கள், ஜெயிக்கவும் செய்கிறார்கள். காவல் நிலையத்தை எதிர்த்துக் காட்ட முடியாது. அரசாங்கத்துக்கு என்று வரும்போது அந்தச் சட்டங்கள் வழிவிட்டு நின்றுவிடுகின்றன. ஆகவே, எதிர்க்க முடிந்த இடத்தில் எல்லாம் எதிர்க்கிறார்கள் என்பதுதான் நான் பார்த்தது. எதிர்க்க முடியாத இடத்தில் பேசாமல் இருப்பதைப் பார்த்து, இவர்களுக்குக் கவலையே இல்லை என்று வெளியூர்க்காரர் சொல்வது அநியாயம்.

ஒவ்வொரு சீனருக்கும் அரசாங்கம் மதிப்பெண் போடுகிறது என்பது உண்மையா?
(நாகர்கோவில் வாசகி)

நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் என்று எதுவும் இல்லை. 2014-ல் சமூக நம்பகத் திட்டம் என்று ஓர் அரசு வரைவு வந்தது. ஷான்டோங்கின் ரோங்செங் போன்ற சில ஊர்களில் ஆளுக்கு ஆயிரம் புள்ளியில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். உண்மையில் மக்களைக் கடிப்பது நீதிமன்றத்தின் கறுப்புப் பட்டியல், 2013-லிருந்து இருக்கிறது. தீர்ப்பான கடனைக் கட்டாதவர்களின் பெயர் அதில் ஏறிவிட்டால் விமான டிக்கெட்டும் அதிவேக ரயில் டிக்கெட்டும் வாங்க முடியாது. சில ஊர்களில் அவர்கள் படத்தைத் தெருத் திரையில் காட்டுகிறார்கள். கடனைத் திருப்பித் தராதவர் மேல் எனக்கும் இரக்கம் குறைவுதான். ஆனால் அவருடைய பிள்ளை அந்தத் திரைக்குக் கீழேதான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக வேண்டும்.

என் மகன் அங்கே மருத்துவம் படித்தான். கொரோனா காலத்தில் போனில் பச்சை நிறம் இருந்தால்தான் வெளியே விடுவார்கள் என்பான். குடியிருப்புக் குழு நன்றாகப் பார்த்துக்கொண்டது என்றும் சொல்வான்.
(விழுப்புரம் வாசகி)

உங்கள் மகன் சொல்வது இரண்டுமே உண்மை. சுகாதாரக் குறி 2020 பிப்ரவரியில் ஹாங்சோவில் ஆரம்பித்தது. பச்சை என்றால் போகலாம். மஞ்சள், சிவப்பு என்றால் வீட்டோடு. முதல் வருடத்தில் மக்கள் அதை நம்பினார்கள், காரணமும் இருந்தது. குழுவின் ஆட்கள்தான் அரிசி, காய்கறி, மருந்து எல்லாம் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

2022 ஜூனில் ஹெனான் மாகாணத்தில் சில கிராமப்புற வங்கிகளில் பணம் முடங்கிப்போனவர்கள் தலைநகர் ஜெங்சோவுக்குக் கேட்கப் போனார்கள். போனவர்களின் குறி திடீரென்று சிவப்பாயிற்று. நோய் எதுவும் இல்லை. ஊருக்குள் வரவிடாமல் தடுக்க அதிகாரிகளே 1,317 பேரின் குறியைச் சிவப்பாக்கியது பின்னால் விசாரணையில் வெளிவந்து, ஐந்து அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு நல்ல காரணத்துக்காகச் செய்த கருவியை இன்னொரு காரணத்துக்குத் திருப்ப இரண்டரை வருடம்கூட முழுதாகத் தேவைப்படவில்லை, பாருங்கள்.

அதே வருடம் வசந்தத்தில் ஷாங்காய் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. என் பழைய மாணவி ஒருத்தி அங்கே பதினான்காம் மாடியில் தனியாக இருந்தாள். அதுவரை எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. வீசாட் (நம் வாட்ஸ்அப் போன்ற செயலி) குழுவில் சேர்ந்து மொத்தமாகக் காய்கறி வாங்க ஆரம்பித்த பிறகு எல்லோரும் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டார்கள் என்றாள். அதே குழுவில், அவளுக்குத் தொற்று உறுதியானதும் எப்போது இவளைத் தனிமை முகாமுக்கு அழைத்துப் போவார்கள் என்று ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் முந்தின நாள் அவளுக்கு முட்டைக்கோஸ் கொடுத்தவர். அந்த வருட நவம்பரில், கொரோனாக் கட்டுப்பாட்டில் இருந்த உரும்ச்சி நகரத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு, அந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்து இளைஞர்கள் வெற்று வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் வாசகர் இதையும் தன் உறவினரிடம் சொல்லலாம்.

ஷின்ஜியாங் போனீர்களா?
(யாழ்ப்பாணம் வாசகர்)

ஷின்ஜியாங் என்பது உய்குர் முஸ்லிம்கள் வாழும் சீனத்தின் வடமேற்குப் பகுதி. அங்குள்ள காஷ்கர் நகரத்துக்கு ஒரு கோடையில் போனேன். இதுவரை சொன்ன எதையும் அதோடு ஒப்பிடக் கூடாது. கடைத்தெருவுக்குள் போக உய்குர் மக்கள் வரிசையில் நின்று அடையாள அட்டையைக் கருவியில் வைத்து, முகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். என்னைப் பாஸ்போர்ட்டைக் கூடப் பார்க்காமல் கையசைத்து உள்ளே விட்டார்கள். இறைச்சிக் கடையில் கத்தியைச் சங்கிலியால் மேசையோடு கட்டி வைத்திருந்தார்கள். கடைக்காரர் அந்தச் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் ஆட்டுக்கறி வெட்டினார். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

2016-லிருந்து அங்கே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை உய்குர் போன்ற முஸ்லிம் குடும்பங்களுக்கு 'உறவினர்' என்று இணைத்து, வீட்டிலேயே சாப்பிட்டுத் தங்க வைக்கிறார்கள். தொழுகிறார்களா, நோன்பு வைக்கிறார்களா, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துப் போவதும் அவர்கள் வேலை. 2022 ஆகஸ்ட் 31 அன்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம், அங்கு நடந்தவை மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாகலாம் என்று அறிக்கை வெளியிட்டது. சீன அரசு மறுக்கிறது. போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்தவர் நீங்கள், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறீர்கள். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

எது எப்படியோ, இத்தனை கண்கள் இருந்ததால் பெண்ணாக நீங்கள் பாதுகாப்பாக இருந்தீர்கள் அல்லவா?
(சேலம் வாசகி)

ஆமாம். இரவு பதினொரு மணிக்கு வகுப்பு முடிந்து தனியாக நடந்து வந்திருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நடுராத்திரியில் பயமில்லாமல் நடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் பெண்களுக்குத் தெரியும்.

ஆனால் இதையும் கேளுங்கள். 2022 ஜனவரியில் ஜியாங்சு மாகாணத்தின் ஃபெங் வட்டத்தில் ஒரு கிராமத்துக் கொட்டகையில், கழுத்தில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணின் வீடியோ வெளியே வந்தது. எட்டுக் குழந்தைகளின் தாய். பல ஆண்டுகளுக்கு முன் கடத்தி விற்கப்பட்டவர். அவரைக் கட்டி வைத்த கணவனுக்கு 2023 ஏப்ரலில் ஒன்பது ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்திருந்த நாட்டில் எட்டுக் குழந்தை, கல்யாணம் பதிவானது, கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். சிவப்பு விளக்கில் தெருவைக் கடப்பவனைக் கண்டுபிடிக்கிற கண்களுக்கு இந்தச் சங்கிலி எப்படித் தெரியாமல் போயிற்று என்று சீனாவே கேட்டது. என் பழைய மாணவிகள் பலர் அந்த வாரம் தூங்கவில்லை. கண்கள் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. எதைப் பார்க்கச் சொல்லி அந்தக் கண்களை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும்.

அடுத்த மாதம் தம்பி குடும்பத்தோடு தங்கப் பெய்ஜிங் போகிறோம். கவனிக்க வேண்டியது என்ன?
(மதுரை வாசகர்)

போய் இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தம்பியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் பதியுங்கள். பாஸ்போர்ட், விசா, தம்பியின் வாடகை ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் போங்கள். ஹோட்டல் என்றால் அவர்களே பதிந்துவிடுவார்கள். ரயில் டிக்கெட் எல்லாம் பாஸ்போர்ட் பெயரில்தான். போலீஸையும் சோதனைச் சாவடியையும் படம் எடுக்காதீர்கள். கைப்பட்டை கட்டியவர் வந்து கேள்வி கேட்டால் பதறாமல் பதில் சொல்லுங்கள், பெரும்பாலும் அவருக்கும் இந்தியாவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைதான். அரசியலை மட்டும் தம்பியின் சீன நண்பர்களிடம் வீசாட்டில் பேசாதீர்கள். நீங்கள் ஊருக்குத் திரும்பிவிடுவீர்கள், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். காவல் நிலையத்தில் தரும் பதிவுச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விசாவை நீட்டிக்கப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.